கழுவிய கல்

பட்டுத்துணியை விலக்கியதும் கல் பளபளத்தது.

பளபளக்கவே கூடாத கல்.

மேடை ஓரத்தில் நின்றிருந்த விஞ்ஞானி ஓரடி முன்னால் வந்தாள். அவளுடைய கல்தான். இந்தியப் பெருங்கடலின் அடியில், கொதிநீர் பீறிடும் ஒரு பிளவின் வாயிலிருந்து கப்பலின் இயந்திரக் கை உடைத்து எடுத்து வந்தது. காற்றுப் படாத பெட்டியில் அடைத்து, குளிர் அறையில் பூட்டி வைத்திருந்தாள். மாற்றுச் சாவி நிறுவன இயக்குநரிடம் இருந்தது.

அப்போது கல்லின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு வழவழப்பு இருந்தது. பார்க்கச் சகிக்காது. அழுகிய முட்டை நாற்றம் வேறு.

அதுதான் உயிர்.

பூமி கக்கும் கந்தகத்தைத் தின்று, அதையே இரும்போடு சேர்த்துக் கல்லாகப் படியவிட்டு, தான் இருக்கும் வீட்டைத் தானே கட்டிக்கொள்ளும் நுண்ணுயிர். இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. வளர்த்தெடுக்க அவளிடம் இருந்தது அந்த ஒரு கல்தான்.

இயக்குநர் வேதரத்தினம் அவள் காதருகே குனிந்தார்.

"சீஃப் கெஸ்டுக்குக் குடுக்கறது நாறலாமா மேடம்? நல்லாத் தேய்ச்சுக் கழுவி, வெயில்ல காயவெச்சு, வார்னிஷ் அடிக்கச் சொல்லிட்டேன்."

பாராட்டை எதிர்பார்க்கும் முகம். ஒரு கடல் ஆய்வு நிறுவனத்தையே கட்டி ஆளும் மனிதர். அவருக்கு அது அழுக்கு.

ஓர் உயிர்கூட மிஞ்சியிருக்காது.

பாவி, பாவி என்று மனதுக்குள் அடித்துக்கொண்டாள். வாய்விட்டுத் திட்ட வழியில்லை. அடுத்த கப்பலில் யார் ஏறுவது என்று முடிவு செய்பவர் அவர். ஏறாமல் போனால் இன்னொரு கல் கிடையாது.

சிறப்பு விருந்தினராக வந்திருந்த அமைச்சருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கல்லை அவள் கையிலேயே கொடுத்து முன்னே தள்ளினார்கள். கொண்டுவந்தவளே கொடுத்தால்தானே படத்துக்கு அழகு.

அமைச்சர் உடனே வாங்கவில்லை. குனிந்து பார்த்தார். மனிதருக்கு நிஜமாகவே ஆவல்.

"இதுல உசுரு இருக்குன்னாங்களே, நெசமாம்மா?"

மைக் பக்கத்தில்தான் இருந்தது. இயக்குநர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்குங்கய்யா," என்றாள்.

அரங்கம் கைதட்டியது. அமைச்சர் கல்லை இரண்டு கைகளாலும் வாங்கினார். புகைப்படக்காரர்கள் ஓயும்வரை அசையாமல் நின்றார். பிறகு உதவியாளரைக் கூப்பிட்டு, கைக்குக் கை மாற்றிக் கொடுத்தார்.

"பாத்துப் பிடிய்யா. உசுரு இருக்கு."