மேட்டு வளைக்கு முதலிடம்

மேட்டு வளையில் ஏழே எலிகள். வருஷா வருஷம் மைனா வந்து, ஒவ்வொரு வளையிலும் இருக்கும் நெல்லை எண்ணி, தலைக்கு எவ்வளவு என்று வகுத்துச் சொல்லும். எப்போதும் மேட்டு வளைக்குத்தான் முதலிடம்.

"கதிர் சுமந்து வர்ற சுண்டெலிங்களைக் கணக்குல காணோமே?" என்று ஒருமுறை மைனா கேட்டது.

"அதுங்க வேலை முடிஞ்சா பள்ளத்துக்குப் போயிடும். அங்கே எண்ணிக்கோங்க" என்றார் தலைவர் எலி.

இந்த வருஷம் மொட்டைவால் எலிக்குக் காலில் அடி. அதன் அறையில் நெல் பாதிதான். வளை இரண்டாம் இடத்துக்கு இறங்கிவிட்டது.

தலைவர் மைனாவைக் கொஞ்சம் உட்காரச் சொன்னார். வளையைச் சுற்றியிருந்த மண்சுவரை ஒரு சாண் உள்ளே தள்ளிக் கட்டினார். மொட்டைவாலின் அறை வெளியே போயிற்று.

மைனா மறுபடி வகுத்தது. "முதலிடம்."

உள்ளே ஒரே கொண்டாட்டம். அதைவிடப் பலமான சத்தம் சுவருக்கு வெளியே கேட்டது. அங்கே மொட்டைவால் நொண்டிக் காலோடு ஆடிக்கொண்டிருந்தது. பள்ளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த சுண்டெலியை நிறுத்தி, பெருமையாகச் சொன்னது:

"பார்த்தியா, எங்களை யாராலயும் அசைக்க முடியாது."