பெருச்சாளிக்குப் பொண்டாட்டி உண்டா?

மழைக்காலப் பொதுக் களஞ்சியத்துக்கு எல்லா மிருகங்களும் விளைச்சலில் ஒரு பங்கை வரியாகக் கட்ட வேண்டும். பெருச்சாளி மூன்று வருஷமாகக் கட்டவில்லை. வருஷத்துக்கு ஒரு புகார், புகாருக்கு ஒரு மரத்தடி என்று மூன்று விசாரணையும் ஒரே சமயத்தில் நடந்தன.

வேப்பமரத்தடியில் அது சொன்னது: “பொண்டாட்டி பிரசவத்துக்கே எல்லாம் செலவாயிடுச்சுங்க.”

புளியமரத்தடியில்: “எனக்குக் கல்யாணமே ஆகலீங்க. ஒண்டிக்கட்டை என்னத்த விளைவிக்க முடியும்?”

ஆலமரத்தடியில்: “பொண்டாட்டி எல்லாத்தையும் வாரிக்கிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க.”

மூன்றுக்கும் சாட்சி ஒரே ஆமைதான். மரத்துக்கு மரம் நடந்து அதற்குக் கால் வீங்கிவிட்டது. “ஐயா, மூணையும் ஒண்ணா விசாரிங்க, புண்ணியமாப் போகும்,” என்று ஆலமரத்தடி நீதிபதியான எருமையிடம் கெஞ்சியது.

“கூடவே கூடாதுங்க!” என்று பெருச்சாளி குதித்தது. “ஒவ்வொண்ணும் வேற வேற வருஷம்!”

“வருஷம் வேறதான். ஆளு நீ ஒருத்தன்தானே?” என்றது எருமை.

மறுநாள் மூன்று வழக்கும் சேர்ந்து வந்தன. எருமை அசைபோடுவதை நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்று கேட்டது: “உனக்குப் பொண்டாட்டி இருக்காளா, இல்லையா?”

பெருச்சாளி தான் சொன்ன மூன்று பதிலையும் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தது. கடைசியில், “இருக்காங்கய்யா. மூணு வருஷ நெல்லும் வளையிலதான் இருக்கு,” என்றது.

மூன்று பங்கும், அபராதமாக இன்னொரு பங்கும் கட்டச் சொல்லித் தீர்ப்பானது. ஆமை அங்கேயே தலையை உள்ளே இழுத்துக்கொண்டு தூங்கிப்போனது.

பெருச்சாளி சிரித்துக்கொண்டே வளைக்குத் திரும்பியது.

“நெல்லெல்லாம் போச்சு, உங்களுக்குச் சிரிப்பு வேறயா?” என்று பெண் பெருச்சாளி எரிந்து விழுந்தது.

“போனாப் போகுது. இனிமே வீட்டை விட்டுக் கிளம்பும்போது, இன்னைக்கு நீ இருக்கியா இல்லையான்னு யோசிக்க வேண்டாம் பாரு.”