ரெண்டாவது பாடி

"ஒண்ணு போட்டுக்கிட்டாலே ஊரு சிரிக்கும். உங்க பொண்ணு ரெண்டு பாடி தைச்சிருக்கா அண்ணே, ரெண்டு!"

கலியம்மாள் இரண்டு விரலை நீட்டிக் காட்டினாள்.

சம்பந்தி நடராசன் பெரம்பலூரிலிருந்து, யுத்த காலமானதால் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸைப் பிடித்து, அரியலூரில் அப்போதுதான் இறங்கியிருந்தார். முகத்துக் கரியைக்கூடத் துடைக்கவில்லை. உடனே வரச் சொல்லி ஆள் வந்ததும், மாசமாக இருக்கும் மகளுக்கு என்ன ஆச்சோ என்று பதறியடித்து வந்தவர். வந்து பார்த்தால் பஞ்சாயத்து, பெண்கள் உள்ளே போடுகிற துணியைப் பற்றி! பாவம், எந்தப் பக்கம் பார்ப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை.

மகள் லீலாவதி கதவோரம் தலைகுனிந்து நின்றாள். கலியம்மாளின் புருஷர் பழனிவேல் உத்திரத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

"திருச்சி ஆஸ்பத்திரி நர்சு சொல்லிச்சாம். மாசமா இருக்கறவ ரவிக்கையை இறுக்கி முடியக்கூடாதாம். மாரைத் தாங்கிப் பிடிக்க பாடி போடணுமாம். தோள் பட்டை அகலமா இருக்கணுமாம். துணி மெல்லிசா, மல் துணியா இருக்கணுமாம். பால் கொடுக்க முன்னால பித்தான் வைக்கணுமாம். உடம்பு பெருக்கப் பெருக்கப் பிரிச்சு விட உள்ளாற துணி மடிச்சு விடணுமாம். நாங்கள்லாம் நர்சைக் கேட்டுக்கிட்டா புள்ளை பெத்தோம்?"

"அது வந்து, தங்கச்சி..."

"சரி, ஒண்ணு போட்டுத் தொலையட்டும்னு விட்டேன். நேத்து தையக்காரரு பொட்டணத்தைக் கொடுத்துட்டுப் போறாரு, பிரிச்சா ரெண்டு! வேட்டித் துணிக்கே வரிசையில நிக்கிற காலம் இது. இந்த மினுக்கியை நீங்களே கூட்டிட்டுப் போங்க. திருப்பிக் கொண்டாந்து விட வேணாம். எம் மவனுக்கு நான் சொல்லிக்கிறேன்."

மகன் வைத்திலிங்கத்துக்குத் திருச்சி ரயில்வேயில் வேலை. அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாத பிள்ளை. லீலாவதிக்குக் கண் கலங்கியது.

"எதுக்கும்மா ரெண்டாவது?" என்றார் நடராசன்.

லீலாவதி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"சொல்லேம்மா. வாழ வந்த வூட்டை விட்டுட்டு வந்துடப் போறியா?"

"நான் தப்பு ஒண்ணும் பண்ணலப்பா." அவ்வளவுதான் சொன்னாள்.

கலியம்மாள் லேசுப்பட்டவளா? சாட்சிக்குத் தையல்காரர் அரியமுத்துவையும் வரவழைத்திருந்தாள். அவர் இரண்டையும் விரித்துப் பார்த்துவிட்டு, கேட்காததையும் சேர்த்துச் சொன்னார்.

"ரெண்டும் ஒரே அளவு இல்லீங்க. சின்னது லீலா பாப்பாவோடது. பெரிசு வேற ஆளுதுங்க."

"வேற ஆளா?" கலியம்மாளின் குரல் கூரையைத் தொட்டது. "கேட்டீங்களா அண்ணே? எங்க வூட்டுத் துணியில எவளுக்கோ தைச்சுக் கொடுக்கறா! எவடி அவ?"



பெண்களை நாடா பிடித்து அளக்கிற வழக்கமெல்லாம் அங்கே கிடையாது. வீட்டிலிருந்து ஒரு பழைய ரவிக்கை போகும். அதுதான் அளவு.

"பெரிசுக்குப் பாப்பா கொடுத்த அளவு ரவிக்கை என்கிட்டதாங்க இருக்கு. திருப்பித் தர மறந்துட்டேன். யாருதுன்னு நீங்களே பாருங்க" என்று அரியமுத்து பைக்குள் கையை விட்டார்.

ஐந்து மாத வயிற்றோடு ஒருத்தியால் அப்படி ஓட முடியும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ரவிக்கை பாதி வெளியே வருவதற்குள் லீலாவதி பிடுங்கி முந்தானைக்குள் செருகிக்கொண்டாள்.

"என்னுதுதான்! ஆசைப்பட்டு நான்தான் ரெண்டு தைச்சேன். வாங்கப்பா, போகலாம்."

பாதி வந்ததே போதும். மாம்பழக் கலர். அக்குளில் பச்சை ஒட்டு. அந்த ஒட்டைப் போட்டதே கலியம்மாள்தான்.

நீட்டியிருந்த இரண்டு விரலும் மடங்கின.

"மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் பழனிவேல் கொல்லைப்பக்கம் மறைந்தார்.

"அண்ணே" என்றாள் கலியம்மாள். குரல் பாதியாக இறங்கியிருந்தது. "வெயில்ல வந்திருக்கீங்க. கை காலைக் கழுவுங்க, சாப்பிடலாம்."

"அப்ப லீலா?"

"அவ எதுக்கு இப்ப வரணும்? வளைகாப்பு போட்டு முறையா அழைச்சிட்டுப் போங்க."

"இல்ல, இந்த ரெண்டாவது..."

"ரெண்டு தைச்சது ஒரு குத்தமாண்ணே? தோய்ச்சுப் போட்டா மாத்துக்கு வேணாமா?"

நடராசன் தையல்காரரைப் பார்த்தார். தையல்காரர் நடராசனைப் பார்த்தார்.

அடுப்படியில் மருமகளின் கையைப் பிடித்து நிறுத்தினாள் கலியம்மாள். வெட்கத்தில் மாமியாருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று புரியவில்லை.

"உனக்கு எப்படிடி தெரிஞ்சுது?"

"தினம் விடியக்காலையில கொல்லையில ரெண்டு பேரு வாந்தி எடுக்கற சத்தம் கேட்டுச்சு அத்தே. ஒண்ணுதான் நான்."

"உங்கப்பாகிட்டயாவது சொல்லித் தப்பிச்சிருக்கலாமேடி?"

"அவருகிட்ட சொன்னா எங்கம்மாவுக்குத் தெரியும். எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா பெரம்பலூருக்கே தெரியும். இந்தாங்க, ரெண்டு விரல் கூடவே வச்சுத் தைக்கச் சொல்லியிருக்கேன். உடம்பு பெருத்தாலும் உங்களுக்குச் சரியா இருக்கும்."

கலியம்மாள் பெரியதை வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

ஐப்பசியில் லீலாவதிக்கு ஆண் குழந்தை பிறந்தது. கார்த்திகையில் அந்தக் குழந்தைக்குச் சித்தப்பா பிறந்தார்.