டேப் ஒட்டிய ஐந்து டாலர்

மருந்துக்கடைப் பெண் அந்த ஐந்து டாலர் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதே நெலிட்சா அதை அடையாளம் கண்டுகொண்டாள்.

அது அவள் கொடுத்த நோட்டு.

ஓரத்தில் சுண்டுவிரல் நகமளவு கிழிசல், அதன்மேல் டேப். மரக்காய்போ நகரத்தில் அது ஒன்று போதும், நோட்டு செல்லாக்காசு. நைந்து நூலான உள்ளூர் பொலிவார் நோட்டைக்கூட முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்கிப் போடுவார்கள். டாலர் மட்டும் கல்யாணப் பெண் மாதிரி பழுதில்லாமல் வர வேண்டும்.

காலை நெரிசலில், அவள் பாஸ்டெலிட்டோ பலகாரம் சுட்டு விற்கும் வண்டியில், யாரோ அதை அவள் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பத்து நாள் அலைந்தாள். மாவுக்கடைக்காரன் திருப்பிக் கொடுத்தான். மீன்காரி சிரித்தாள். பஸ் கண்டக்டர் நடுவழியில் இறக்கிவிடப் பார்த்தான்.

அந்தச் சமயத்தில்தான் அதே தெருவில் இருக்கும் ஆஸ்துமாக்காரர் எவுடோவின் இன்ஹேலருக்காகப் பணம் திரட்ட, தெருவில் பால்மாவு டப்பா சுற்றி வந்தது. டேப் உள்பக்கம் போகும்படி மடித்து அதில் போட்டாள். ஐந்து டாலரா என்று தெருவே வாயைப் பிளந்தது. அந்தப் பாராட்டையும் கூசாமல் வாங்கிக்கொண்டாள்.

இப்போது எவுடோவின் மனைவி பெல்கிஸ் கடையில் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால், வரிசையில் மூன்றாவது ஆளாக நெலிட்சா.

கடைப்பெண் நோட்டைத் திருப்பித் தள்ளினாள். இன்ஹேலர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பெல்கிஸ் சண்டை போடவில்லை. தன் தப்பு போலத் தலையைக் குனிந்துகொண்டாள். எவுடோ நாலு நாளாகப் படுக்க முடியாமல், கட்டிலில் உட்கார்ந்தபடியே மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருந்தார்.

நெலிட்சாவின் பர்ஸில் பழுதில்லாத ஐந்து டாலர் ஒன்று இருந்தது. அவளுடைய பிரஷர் மாத்திரைக்கு வைத்தது. முதலில் அவள் தரையைத்தான் பார்த்தாள். பிறகு அவமானம் தாங்காமல் இரண்டு பேரை இடித்துக்கொண்டு முன்னே போய், நல்ல நோட்டை வைத்துவிட்டுக் கிழிந்ததை எடுத்துக்கொண்டாள்.

மகராசி, இந்தக் காலத்தில் யார் செய்வார்கள் என்று ஒரு கிழவர் உரக்கவே சொன்னார். வரிசை முழுக்கத் தலையாட்டியது. நெலிட்சாவுக்குக் காது மடல் சுட்டது.

இன்ஹேலர் கைக்கு வந்தும் பெல்கிஸ் நன்றி சொல்லவில்லை. நெலிட்சாவின் மணிக்கட்டைப் பிடித்துச் சுவரோரமாக இழுத்துப் போனாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"அக்கா, அந்த டேப்பை ஒட்டினதே நான்தான்க்கா. அன்னிக்குக் கூட்டத்துல உங்க தலைல கட்டினதும் நான்தான். நீங்க அதக் கவனிக்காமலே எங்களுக்கே தூக்கிக் குடுத்திருக்கீங்க. என்னை மன்னிச்சிருங்கக்கா."

நெலிட்சா வாயைத் திறந்தாள். கவனித்துத்தான் போட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கின் நுனிவரைக்கும் வந்துவிட்டது.

வரிசையே அவளைக் கனிவோடு பார்த்துக்கொண்டிருந்தது.

"சரி, அழாத, போனது போகட்டும்" என்று பெல்கிஸை மன்னித்துவிட்டாள்.