இருபத்து நான்காவது சீர்கேடு

"வாசிம்மா" என்றார் பரந்தாமன் மாஸ்டர்.

பேபி கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள். வாசிக்கவில்லை.

அது ஜேம்ஸின் நோட்டு. அம்பத்தூரில் மாடி அறையில் நடந்த அந்த மாலை வகுப்பில் அதுதான் முறை. மாஸ்டர் ஒரு கடிதம் சொல்வார். எல்லாரும் சுருக்கெழுத்தில் எடுப்பார்கள். பிறகு நோட்டு பக்கத்து ஆளிடம் மாறும். தன் கோடு தனக்கு மட்டும் புரிந்தால் அது சுருக்கெழுத்து இல்லை, கிறுக்கல் என்பது மாஸ்டரின் கட்சி.

ஆண்கள் வரிசையின் கடைசி ஆள் ஜேம்ஸ். பெண்கள் வரிசையின் முதல் ஆள் கள்ளிக்குப்பத்துப் பேபி. ஆகவே அவன் நோட்டு அவளுக்குப் போனது.

பென்சிலைச் சீவிவிட்டு நிமிர்ந்தபோதுதான் ஜேம்ஸுக்கு உறைத்தது. நோட்டைத் தலைகீழாகக் கொடுத்திருந்தான்.

முன்பக்கத்திலிருந்து பாடம். பின்பக்கத்திலிருந்து, தலைகீழாக, நாட்குறிப்பு. வீட்டில் யாருக்கும் புரியாமல் எழுதலாம் என்பதுதான் சுருக்கெழுத்து படித்ததில் அவன் இதுவரை கண்ட லாபம். அது புரியக்கூடிய பதினொரு பேரும் இப்போது இந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

பேபியின் கையில் விரிந்திருந்தது ஓர் அட்டவணை. தலைப்பு: 'சமுதாயச் சீர்கேடும் கிறிஸ்தவ வாலிபரின் கடமையும். ஞாயிறு கூட்டத்தில் வாசிக்க.'

கள்ளுக்கடைகளைத் திறந்த வருடம் அது. ஊர் கெட்டுப்போகிறது, வாலிபர் ஒருவர் ஆராய்ந்து கட்டுரை வாசிக்க வேண்டும் என்று ஆவடி சபையின் போதகர் கேட்டபோது முதலில் உயர்ந்த கை ஜேம்ஸுடையது. தனக்கு அந்தத் தகுதி உண்டா என்று இரண்டு நாள் சந்தேகப்பட்டான். மூன்றாம் நாள் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டான். எண், தேதி, இடம், சீர்கேடு, பரிகாரம்.

பெயர் மட்டும் எழுதவில்லை. புறங்கூறுதல் பாவம். 'ஓர் இளம்பெண்' என்றே எழுதினான்.

ஒன்று: ஸ்டேஷன் ரோடு. ஓர் இளம்பெண், கையில்லாத ரவிக்கை.

ஏழு: பஸ் நிறுத்தம். ஓர் இளம்பெண், நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

பதினாறு: கடைத்தெரு. ஓர் இளம்பெண், வேர்க்கடலை தின்றபடி நடந்தாள்.

இப்படி ஆறு வாரத்தில் இருபத்து மூன்று. கள்ளுக்கடையை மறந்தே போனான்.

பரிகாரம் என்ற கட்டம் மேலிருந்து கீழ்வரை காலி. அதைச் சனிக்கிழமை உட்கார்ந்து யோசிக்கலாம் என்று விட்டுவைத்திருந்தான்.

"இன்னாம்மா பேபி, எழுத்து தெரியலையா, கண்ணு தெரியலையா?" என்றார் மாஸ்டர்.

வகுப்பு சிரித்தது. ஜேம்ஸ் கண்ணை மூடி, மாடிக் கூரை இடிந்து விழ வேண்டும் என்று ஜெபித்தான். பிறகு, யாருக்கும் அடிபடாமல், என்று திருத்திக்கொண்டான்.

"தெரியுது சார். கோடு கொஞ்சம் கோணலா கீது, அதான்" என்ற பேபி வாசிக்கத் தொடங்கினாள்.

'ஐயா, தாங்கள் அனுப்பிய நூறு குடைகளும் வந்து சேர்ந்தன. பிரித்துப் பார்த்ததில்...'

ஜேம்ஸ் கண்ணைத் திறந்தான். மாஸ்டர் சற்று முன்பு சொன்ன கடிதம் அது. அந்தப் பக்கத்தில் அதில் ஒரு சொல்கூட இல்லை. அவள் பார்வை மட்டும் கோடுகளின்மேல் வரிவரியாக, ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. 'தங்கள் உண்மையுள்ள' வரை எங்கும் தங்காமல் முடித்தாள்.

"பேஷ்! ஜேம்ஸ், உன் நோட்டை ஒருத்தர் தடங்கல் இல்லாம வாசிச்சு இன்னிக்குத்தான்யா கேக்கறேன்."

பொய், என்று ஜேம்ஸின் மனம் குறித்துக்கொண்டது. எண் இருபத்து நான்கு. ஓர் இளம்பெண், வகுப்பறை, பொய்.

காப்பாற்றியவளையும் கட்டத்துக்குள் அடைக்கப் பார்த்த அந்த மனத்தை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

வாசித்தவரே பிழை திருத்தித் தர வேண்டும். மாஸ்டர் அடுத்த நோட்டுக்குப் போய்விட்டார். பேபி குனிந்து வெகுநேரம் திருத்தினாள்.

வகுப்பு விட்டதும் மாடிப்படியில் நின்று நோட்டை நீட்டினாள்.

"ஆறு வாரமா எழுதிக்கினு வந்தீங்க ஜேம்ஸ் சார், ஒண்ண உட்டுட்டீங்களே. நான் சேத்துக்கீறேன்."

ஸ்டேஷனில் ஆவடி வண்டிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. விளக்குக் கம்பத்தடியில் நின்று நோட்டைத் தலைகீழாகத் திருப்பினான்.

இருபத்து மூன்று வரிகளையும் சேர்த்து ஓரத்தில் ஓர் அடைப்புக்குறி. பக்கத்தில் அவள் எழுத்து: 'இத்தனையும் நான்.'

ஜேம்ஸ் மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தான். ரவிக்கை. சிரிப்பு. வேர்க்கடலை. எழுதும்போதெல்லாம் ஆள் யாரென்று தெரியும்தான். கூட்டிப் பார்த்ததில்லை. ஊரை ஆராய்ந்துகொண்டிருப்பதாகவே நினைத்திருந்தான்.

கீழே, அவன் போட்ட அதே கட்டங்களுக்குள் அடங்கி, ஒரு புது வரி.

'எண்: 24. தேதி: மேற்படி. இடம்: மேற்படி. சீர்கேடு: ஓர் இளைஞன், பார்த்துக்கொண்டே நின்றான். பரிகாரம்: ஞாயிற்றுக்கிழமை இதையும் வாசிக்கவும்.'

பிழை தேடினான். ஒன்றுமில்லை.

எல்லாம் பென்சில்தான். ரப்பரும் பையிலேயே இருந்தது. எடுத்து இருபத்து நான்கின்மேல் வைத்தான். அழிக்காமலே எடுத்தான். நேராக ஒன்றாம் எண்ணுக்குப் போனான். அங்கிருந்து அழித்துக்கொண்டு வந்தான்.

வண்டியின் வெளிச்சம் தெரிந்தபோது இருபத்து மூன்றும் போயிருந்தன. அவள் போட்ட அடைப்புக்குறியும் அதன் பக்கத்து எழுத்தும்தான். ரப்பர்த் தூளை ஊதிவிட்டு, மிச்சமிருந்த ஒற்றை வரியை முறைப்படி ஒருதரம் வாசித்துப் பார்த்தான். அப்போதுதான் அதிலிருந்த குறை தெரிந்தது.

மேற்படி என்று இருந்தது. மேலே ஒன்றும் இல்லை.

எங்கே, எப்போது என்பதை ஞாயிற்றுக்கிழமை அவன் வாயால்தான் சொல்லியாக வேண்டும்.