கரிச்சுவர்

படத்தின் தலைப்பு முப்பரிமாண எழுத்துகளில் திரையில் எழுந்து வர வேண்டும், அந்த எழுத்துகள் தீயில் வெந்த சுவர்போல இருக்க வேண்டும் என்றார் இயக்குநர். கிராஃபிக்ஸ் செய்யும் எழிலரசு கணினியிலேயே கரியும் வெடிப்பும் உருவாக்கிக் காட்டினான். "பிளாஸ்டிக் மாதிரி இருக்குய்யா. நெஜச் சுவரப் படம் எடுத்துட்டு வா."

போன மாதம் எரிந்துபோன குடிசைப் பகுதியில் ஒரேயொரு சுவர்தான் மிஞ்சியிருந்தது. சினிமாத் தலைப்பு எழுத்துகளுக்கு என்று எழிலரசு சொன்னதும், அந்த வீட்டுக்காரி சகாயமேரி, மறைப்புக்குக் கட்டியிருந்த சாக்கை அவளே விலக்கிவிட்டாள். கரிக்கு நடுவே ஆணியால் கீறிய கோணல் எழுத்துகள் தெரிந்தன. "எம்பொண்ணு எழுதுனது சார். அவ பேரு. அன்னிக்கு உள்ளதான் தூங்கிட்டு இருந்தா. இதையும் எடுத்துக்கங்க." எழிலரசு எடுத்துக்கொண்டான்.

அந்தச் சுவர்ப் படத்தைக் கணினியில் தலைப்பின்மேல் போர்த்தி ஒளியைச் சாய்த்ததும், தொட்டால் சுடும்போல இருந்தது. இயக்குநர் கைதட்டினார். பிறகு திரைக்குக் கிட்டே வந்து பார்த்தார். "எழுத்து மேல என்னய்யா கிறுக்கல்? அழிச்சிரு." எழிலரசு பக்கத்துக் கரியை நகலெடுத்துப் பெயரின்மேல் பூசினான். அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

படம் வெளியான அன்று சகாயமேரி போன் செய்தாள். "தியேட்டர் வாசல்ல நிக்கிறேன் சார். எங்க தெருவே வந்திருக்கு. எம்பொண்ணு பேரு எந்த எழுத்துல வரும்?"

"முதல் எழுத்துலம்மா" என்றான் எழிலரசு. "சட்டுனு போயிரும். கண்ண இமைக்காம பாருங்க."