கனவில் எழுந்த கூட்டம்

இலாரியோ பெல்ஜியத்தில் கால்பந்து ஆடிய நாலு வருடமும் கிராசியேலாவுக்கு ஒரே கனவுதான். பிள்ளை ஊர் திரும்பி, இந்த மைதானத்தின் ஆற்றங்கரைப் பக்க வலைக்குள் பந்தைப் போடுவான். கூட்டம் மொத்தமும் எழுந்து கத்தும்.

இன்று அதே மைதானத்தில், ஊர் அணியின் சிவப்புச் சட்டையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கை எவாரிஸ்தோ, முன்பின் தெரியாதவர், தன் மாத்தே மூலிகைத் தேநீர்க் குடுவையை நீட்டினார்.

"ஒரு மடக்கு உறிஞ்சுங்கம்மா. பெல்ஜியத்துப் பய இன்னைக்கு இறங்குறானாமே?"

"ஆமாண்ணே."

"பய கால்ல மந்திரம் வச்சிருக்கானாம்."

அவள் சிரித்துக்கொண்டாள்.

ஆட்டம் முடியும் தறுவாயில் இலாரியோ உதைத்த பந்து, கனவில் போலவே, அவசரமே இல்லாமல் மிதந்து வளைந்து வலைக்குள் விழுந்தது.

ஒருவரும் எழவில்லை. இலாரியோவும் துள்ளவில்லை, மன்னிப்புக் கேட்பதுபோல் கூட்டத்தைப் பார்த்து இரு கைகளையும் தூக்கினான்.

திரும்பி வந்தவனைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது பரம எதிரிக் கிளப். எதிரணி ரசிகர்களை உள்ளே விடாதது அர்ஜென்டினாவில் பழகிப்போன சட்டம். மகன் ஆடுவதைப் பார்க்க அவளுக்கு இந்தச் சிவப்புச் சட்டையை விட்டால் வேறு வழியில்லை. கைதட்டிவிடாமலிருக்க இரு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

"துரோகி! இந்த ஊர்த் தண்ணி குடிச்சு வளந்தவன்தானே!" எவாரிஸ்தோ கொதித்தார். "நீங்க ஏன்மா கல்லு மாதிரி இருக்கீங்க? நாலு திட்டு திட்டுங்க!"

முன்வரிசையில் சிலர் திரும்பி அவளை முறைத்தார்கள்.

கிராசியேலா எழுந்தாள். கண்ணில் நீர் முட்ட, தொண்டை கிழியக் கத்தினாள்.

"அடேய் படவா! வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு!"

எவாரிஸ்தோ பூரித்துப்போனார்.

"அப்படிப் போடுங்க! அவனப் பெத்தவளே உங்ககிட்ட தோத்தா போங்க!"